நுவரெலியா குளிர் போதும்னு நெனச்சு சமோயட் வாங்குறவங்களுக்கு

முடி அடர்த்தியான வெளிநாட்டு நாய் வளக்கணும்னு நம்ம பக்கத்துல யாருக்காவது ஆசை வந்துட்டா போதும், கூட இருக்கிறவன் உடனே சொல்றது "கொழும்புலதான்டா கஷ்டம், நம்மூருதான் குளிராச்சே". ஹஸ்கிக்கும் இதேதான் சொன்னாங்க, மலமூட்டுக்கும் இதேதான். சமோயட்னு ஒரு வெள்ளை நாய் இருக்கு, இலங்கையில ரொம்பத் தேடினாத்தான் கெடைக்கிற சாதி, அதைத் தேடி அலையிறவங்களுக்கும் இதே பதில்தான். எங்க மாமா மகன் அப்படி அலைஞ்சு வாங்கினவன். நானுஓயாவுக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில வேலை, ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குற காசைக் குடுத்து ரெண்டு மாசக் குட்டியா தூக்கிட்டு வந்தான். பேப்பர்ல அதுக்கு நீளமா ஒரு இங்கிலீஷ் பேர், வீட்டுல அத்தை வச்ச பேர் பஞ்சு. மூணு வருஷமா அந்த நாயோட அவன் பட்ட பாட்டைக் கூட இருந்து பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன், குளிர் இருந்தா போதும்ங்கிறது பாதிக் கதைதான். மிச்சப் பாதி ஈரம். அதைப் பத்தி விக்கிறவனும் பேசுறதில்ல, வாங்குறவனும் கேக்குறதில்ல.

மொதல்ல இது எங்கேருந்து வந்த நாய்னு தெரிஞ்சுக்கணும். சைபீரியாவோட வடக்குக் கோடியில கலைமான் மேய்ச்சுப் பிழைக்கிற நெனெட்ஸ் மாதிரியான சனங்க வளத்த நாய் இது. பகல்ல மந்தையை ஓட்டும், சறுக்கு வண்டி இழுக்கும், ராத்திரியானா கூடாரத்துக்குள்ள வந்து பிள்ளைகுட்டிகளோட ஒட்டிப் படுத்துக்கும், சனங்களுக்கும் சூடு நாய்க்கும் சூடு. 1889ல எர்னஸ்ட் கில்பர்ன் ஸ்காட்னு ஒருத்தர் ஒரு குட்டிய இங்கிலாந்துக்குக் கொண்டு போனார், வெளி உலகத்துல இந்தச் சாதி பரவ ஆரம்பிச்சது அங்கேருந்துதான். வளந்த ஆண் நாய் 20லருந்து 30 கிலோ வரைக்கும் வரும், ஆனா பாக்கிறதுக்கு 40 கிலோ மாதிரி தெரியும், மிச்சமெல்லாம் முடி.

அந்த முடி ரெண்டு அடுக்கு. மேல நீளமா விறைப்பா நிக்கிற முடி, அதுக்குக் கீழ தோலோட ஒட்டி மெத்து மெத்துன்னு கம்பளி மாதிரி இன்னொரு முடி. விரலை விட்டு அகட்டிப் பாத்தாலும் தோலைப் பாக்க முடியாத அளவுக்கு நெருக்கமா இருக்கும். மைனஸ் 40ல பனிக்காத்து அடிச்சாலும் உள்ள சூடு வெளிய போகாது, அதுக்காகத்தான் அது அப்படி அமைஞ்சிருக்கு.

இப்ப நம்மூருக்கு வருவோம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், வருஷம் பூரா சராசரியா 16 பாகை சுத்தி நிக்கும், ஜனவரி பெப்ரவரியில விடியக்காலம் புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கொழுந்து கருகிப்போற நாளும் உண்டு. இதைப் பாத்துட்டு நாய்க்கு இது சொந்த ஊர் மாதிரின்னு நெனைக்கிறது ஒண்ணும் முட்டாள்தனம் இல்ல, சூட்டுக் கணக்குல பாத்தா ஏறக்குறைய சரிதான். ஆனா மலைநாடுன்னு நாம ஒரே வார்த்தையில சொல்ற இடம் ஒரே இடம் இல்ல. ஹட்டன் 1270 மீட்டர் கிட்ட, பண்டாரவளை 1225, பதுளை 680, கண்டி 500 தான். ஆயிரம் மீட்டர் கீழ எறங்கினா சராசரியா ஆறரை பாகை சூடு கூடும்னு கணக்கு. அதால கண்டியில இருக்கிறவன் "நாங்களும் மலைநாடுதானே"ன்னு சொல்லி சமோயட் வாங்கினா அது ஏமாத்து வேலை, தன்னைத்தானே ஏமாத்திக்கிற வேலை.

சரி, நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளை, அம்பேவளைன்னு நல்ல உயரத்துலயே இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். சைபீரியக் குளிருக்கும் நம்ம குளிருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, சைபீரியாவுல காஞ்ச குளிர். அங்க பனி பவுடர் மாதிரி விழும், நாய் ஒரு உதறு உதறினா கொட்டிப்போகும், தோல் வரைக்கும் ஒரு சொட்டு இறங்காது. நம்ம குளிர் நனைஞ்ச குளிர். மே மாசம் காத்து திரும்பினா செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, வட்டவளை கினிகத்தேன பக்கமெல்லாம் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டரையும் தாண்டும், நுவரெலியாவுல அவ்வளவு இல்லாட்டியும் 1900 கிட்ட வரும், மழை பெய்யாத நேரம் மிஸ்ட் வந்து படுத்துக்கும், போட்ட துணி மூணு நாளானாலும் காயாது. வீட்டுச் சுவத்துலயே பாசி பிடிக்கிற ஊர்ல ரெண்டு அடுக்கு முடியோட ஒரு நாய்.

அந்தக் காலத்துல கொழுந்துக்குப் போற பொம்பளைங்க மழைக்குத் தலையில போட்டுக்கிட்ட கறுப்புக் கம்பளி ஞாபகம் இருக்கா, இப்ப எல்லாம் ரப்பர் ஷீட்டும் பொலித்தீனும் வந்துருச்சு. கம்பளி மொத அரை மணித்தியாலம் சுகமாத்தான் இருக்கும். அப்புறம் தண்ணியக் குடிச்சிட்டுக் கனக்க ஆரம்பிக்கும், சாயங்காலம் அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டாலும் மறுநாள் விடிய உள்பக்கம் ஈரமாவே இருக்கும், ஒரு வாரத்துல நாறும். சமோயட்டோட உள்முடி அந்தக் கம்பளிதான். கழட்டித் தொங்கவிட முடியாத கம்பளி.

பஞ்சுவுக்கு ரெண்டாவது வருஷம் ஜூலை மாசத்துல இது நடந்துச்சு. ஒம்பது நாள் வெயிலே இல்ல. மச்சான் ஒவ்வொரு நாளும் துவாயால துடைச்சான், மேல தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு, வெளியில இருக்கிற நீள முடி சீக்கிரம் காஞ்சு ஆளை ஏமாத்திடும். ஒரு நாள் காலையில நாய் தொடைக்குப் பின்னால விடாம நக்கிக்கிட்டே இருந்துச்சு, முடிய அகட்டிப் பாத்தா ஒரு அஞ்சு ரூபாக் குத்தி அளவுக்குச் செவந்து கசிஞ்சுக்கிட்டு இருக்கு. ஃபேக்டரிக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து பாக்கிறான், உள்ளங்கை அகலம். புண்ணைச் சுத்தி முடியெல்லாம் பசை போட்ட மாதிரி ஒட்டிக் கெடக்கு, வாடை தாங்க முடியல. இங்கிலீஷ்ல இதை ஹாட் ஸ்பாட்ம்பாங்க. தோல்ல எப்பவும் சும்மா குடியிருக்கிற பாக்டீரியாதான், ஈரமும் உடம்புச் சூடும் காத்தோட்டம் இல்லாத இடமும் ஒண்ணா கெடைச்சதும் பெருகிடுது, நாய் அரிப்புல நக்க நக்க இன்னும் ஈரமாகி ஒரே நாள்ல இவ்வளவு பெருசாகிடுது. மிருக வைத்தியர் அந்த இடத்து முடிய வழிச்சு, கழுவி, மருந்து குடுத்தார், நக்காம இருக்க கழுத்துக்கு ஒரு கூம்பும் போட்டாச்சு. ரெண்டு வாரத்துல ஆறிடுச்சு, ஆனா மழை விடல, மூணாவது வாரம் காதுக்குப் பின்னால இன்னொண்ணு.

அப்பதான் பேராதனை யூனிவர்சிட்டியோட மிருக வைத்திய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடலாம்னு வேன் எடுத்தோம், நானும் போனேன். கெளம்பும்போது நுவரெலியாவுல 14 பாகை, பஞ்சு பின் சீட்டுல சுருண்டு படுத்திருந்துச்சு. றம்பொடை வளைவுகள் எறங்கி முடிக்கிறதுக்குள்ள எழும்பி உக்காந்து நாக்கைத் தொங்கப் போட்டுருச்சு. புசல்லாவை தாண்டினதும் மூச்சு வாங்குற சத்தம் எஞ்சின் சத்தத்தை மிஞ்சுது, கம்பளை கிட்ட வந்தப்ப நாக்கு அகலமா விரிஞ்சு ரோஸ் கலர் மாறி நல்ல செவப்பாயிடுச்சு. ஏசியைப் போட்டு, வயித்துலயும் பாதத்துலயும் ஈரத்துணி வச்சுக்கிட்டே போய்ச் சேந்தோம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி சூடு வெளியாகிறது மூச்சு வழியாத்தான், நாக்குலயும் வாய்க்குள்ளயும் இருக்கிற ஈரம் ஆவியானாத்தான் உடம்பு தணியும். காத்துலயே ஏற்கனவே ஈரம் நெறைஞ்சு இருந்தா அந்த ஆவி எங்க போகும்? அதால 28 பாகை ராஜஸ்தான்ல இருக்கிறதும் கம்பளையில இருக்கிறதும் நாய்க்கு ஒண்ணு இல்ல. நாயோட சாதாரண உடம்புச் சூடே 38லருந்து 39 பாகை, 41ஐத் தாண்டிப் போனா உயிருக்கு ஆபத்து, அந்த இடைவெளி ரொம்பச் சின்னது. மேல ஈரம் தோலைக் கெடுக்குது, கீழ அதே ஈரம் மூச்சைக் கெடுக்குது.

இந்த இடத்துல எல்லாரும் கேக்கிற கேள்வி, அப்ப முடிய மொட்டையா வெட்டிவிட்டா என்ன? வேணாம். ரெண்டு அடுக்கு முடி குளிரை மட்டும் தடுக்கல, வெயிலோட சூட்டையும் தோலுக்குப் போகாமத் தடுக்குது. அதோட இந்தச் சாதிங்களுக்கு ஒட்ட வெட்டின முடி சில நேரம் திரும்ப ஒழுங்கா வளராது, திட்டுத் திட்டா மாசக்கணக்குல அப்படியே நிக்கும். வெள்ளை நாய், மலை உச்சி, முடியும் இல்லைன்னா வெயில் தோலைச் சுட்டுடும். புண்ணுக்கு வெட்டுறது வேற, ஸ்டைலுக்கு வெட்டுறது வேற.

இன்னொரு விசயம், எனக்கே ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. சமோயட் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உள்முடிய மொத்தமாக் கொட்டும்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும், பஞ்சு வருஷம் பூராக் கொட்டுது. சோத்துல முடி, தேத்தண்ணியில முடி, மச்சானோட ஃபேக்டரி யூனிஃபார்ம்ல முடி. காரணம் பகல் வெளிச்சம். நாயோட உடம்பு எப்ப முடி போடணும் எப்ப கழட்டணும்னு முடிவு பண்றதுல குளிரை விட பகலோட நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. துருவத்துப் பக்கம் கோடையில சூரியன் மறையாது, மாரியில உதிக்காது, உடம்புக்குச் செய்தி தெளிவாப் போகுது. நாம பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில இருக்கோம், வருஷத்துலயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் கூட வராது. பாவம், அது உடம்பு எந்தக் காலம்னு தெரியாமக் கொஞ்சம் கொஞ்சமா எப்பவும் கழட்டிக்கிட்டே இருக்கு. கொட்டின முடி வெளிய விழாம உள்ளயே சிக்கிக்கிட்டா அதுவும் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அதால சீப்புப் போடுறதுங்கிறது இங்க அழகுக்குப் பண்ற வேலை இல்ல.

வெளிநாட்டு நாயை இந்த மலையில வச்சுப் பாக்கிறது புதுசும் இல்ல. சாமுவேல் பேக்கர், அதான் ஹோர்ட்டன் சமவெளியில பேக்கர்ஸ் ஃபால்ஸ்க்குப் பேர் குடுத்த ஆள், 1848ல நுவரெலியாவுல குடியேற வந்தப்ப வேட்டை நாய்க் கூட்டத்தையும் சேத்துத்தான் கொண்டு வந்தார். இங்கிலாந்துல நரி விரட்டுற சுத்தமான சாதி நாய் இந்தக் காட்டுக்குச் சரிவராதுன்னு அவரே பிறகு எழுதி வச்சிருக்கார், கலப்பு நாய்ங்களை வச்சுத்தான் மரை வேட்டை நடத்தியிருக்கார். 170 வருஷத்துக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரர் காசு செலவழிச்சு, நாயை இழந்து கத்துக்கிட்ட பாடத்தை நாம திரும்பவும் காசு குடுத்துப் படிக்கிறோம். அப்புறம் வந்த தொரைமாரெல்லாம் பங்களாவுல அல்சேஷன், லாப்ரடோர், டெரியர்னு வச்சிருந்தாங்க, அதெல்லாம் ஒரு மாதிரி சமாளிச்சுது, ஏன்னா பங்களாவுல நெருப்புக் குண்டம் இருந்துச்சு, நாயைத் துடைக்கவே ஒரு ஆள் சம்பளத்துக்கு இருந்தான். எங்க தாத்தா கொஞ்ச நாள் அந்த ஆளா இருந்தவர்.

சிறுத்தைப் பிரச்சினையை விட்டுட்டுப் பேச முடியாது. தேயிலை மலைகளுக்கு நடுவுல இருக்கிற காட்டுத் துண்டுகள்ல சிறுத்தை இருக்குதுன்னு நமக்கெல்லாம் தெரியும், லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, படுத்திருந்த நாயைத் தூக்கிட்டுப் போன கதை இல்லாத தோட்டமே கம்மி. ராத்திரியில வெளிய கட்டிப் போட்ட நாய் ஓடவும் முடியாது. அதுவும் வெள்ளை நாய், இருட்டுலயும் பளிச்சுன்னு தெரியும், யாரைக் கண்டாலும் வாலாட்டும். இதுக்குப் பயந்துக்கிட்டு வேலியில சுருக்குக் கம்பி வைக்கிறவங்களும் இருக்காங்க, பன்னிக்குன்னு வச்சாலும் மாட்டுறது சிறுத்தை. 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் கம்பியில மாட்டின கருஞ்சிறுத்தை சில நாள்ல செத்துப்போன சங்கதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதால நாயை ராத்திரி வீட்டுக்குள்ள வைக்கிறதுதான் ஒரே வழி, ஆனா பத்துக்குப் பன்னெண்டு அடி லயக் காம்பராவுல அஞ்சு பேர் படுக்கிற இடத்துல 25 கிலோ நாயை எங்க படுக்க வைக்கிறது? மச்சானுக்குத் தனி வீடு கெடைச்சதால தப்பிச்சான்.

காவலுக்குன்னு இதை வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சமோயட் குலைக்கும், நல்லாக் குலைக்கும், தனியா விட்டா ஊளையும் விடும், ஆனா கள்ளன் உள்ள வந்தா பக்கத்துல போய் மூஞ்சியை நக்கும். மனுசனோட ஒரே கூடாரத்துல படுத்த சாதி அது, யாரையும் அந்நியமா நெனைக்கத் தெரியாது. காலையில பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல வேலை பிரிக்கிற இடத்துக்கு, போயிட்டு சாயங்காலம் வர்ற வீட்டுல நாள் முழுக்கச் சங்கிலியில கெடந்தா அது மனசு ஒடிஞ்சு போகும், தன் வாலையே கடிக்க ஆரம்பிக்கும்.

அரிய சாதிங்கிறதுல இன்னொரு சிக்கல் இருக்கு, இது ஊருக்கு ஊர் மாறாது. ஒரு நாட்டுக்குள்ள ஒரு சாதி கொஞ்சமா இருந்தா சோடி சேக்கிறதும் அந்தக் கொஞ்சத்துக்குள்ளதான், அண்ணன் தங்கச்சி பெத்த குட்டிங்களே சந்தைக்கு வரும். சமோயட்ல பரம்பரையா வர்ற ஒரு சிறுநீரக நோய் உண்டு, தாய்கிட்டருந்து எக்ஸ் குரோமோசோம் வழியா வரும், அந்தக் கோளாறு வந்த ஆண் குட்டி பாக்க நல்லாத்தான் இருக்கும், ஒண்ணே கால் வயசுக்குள்ள சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். தாய் நாய் பெருசா நோவு இல்லாமலே சுமந்துக்கிட்டு அடுத்தடுத்த ஈத்துக்குக் குடுத்துக்கிட்டே இருக்கும். இதுக்கு டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு. விக்கிறவன் கிட்ட கெனல் பேப்பர் இருக்கான்னு எல்லாரும் கேக்குறாங்க, தாய்க்கு அந்த டெஸ்ட் எடுத்தியான்னு யாரும் கேக்குறதில்ல. பேப்பர் குட்டியோட பாட்டன் பேரைச் சொல்லும், அதோட சிறுநீரகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

உண்ணி, அட்டை எல்லாம் நம்மூர் நாய் எல்லாத்துக்கும் பொதுதான், ஆனா கட்ட முடி நாயில உண்ணி இருந்தா கண்ணுல படும், இதுல விரல் நுனியால தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கணும், அதுக்குள்ள பபீசியா மாதிரி ரத்தத்துச் செவப்பு அணுவை உடைக்கிற கிருமியை ஏத்திவிட்டுடும். ஈறு வெளிறி, மூத்திரம் கோப்பி கலர்ல போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும். மரக்கறித் தோட்டம் பக்கத்துல இருந்தா எலிக்காய்ச்சல் ஊசியை விட்டுடாதீங்க. விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் பிரதேச சபையில பதியிறதும் சட்டப்படி செய்யவேண்டியது, நாய்ப் பதிவுச் சட்டம் 1901லயே வந்தது, இன்னைக்கும் இருக்கு, பாதிப் பேருக்கு அது தெரியாது.

தோட்டத்து நாட்டு நாயைப் பாருங்க. அதே மழையில நனையும், வாசல்ல நின்னு ஒரு தடவை உதறும், அடுப்படிச் சாம்பல்ல போய்ச் சுருண்டா கால் மணித்தியாலத்துல காஞ்சிடும். ரொட்டியும் கருவாட்டுத் தண்ணியும் போதும். நான் ஒண்ணும் சமோயட் வாங்காதேன்னு சொல்ல வரல, வாங்கிட்டுத்தான் பேசுறோம், அந்த மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். வெயில் காலத்துல நாய் எப்படி இருக்கும்னு பாத்து முடிவு பண்ணாம, ஜூலை மாசத்துல அதை எங்க வச்சு எதால காய வைப்பேன்னு யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

மச்சான் அதுக்குக் கண்டுபிடிச்ச வழி அவனோட ஃபேக்டரியிலருந்து வந்தது. மொதல்ல ஹெயார் ட்ரையரை வச்சு சூடாக் காய வச்சான், தோல் வறண்டு பொடுகு மாதிரி உதிர்ந்துச்சு, உள்முடி அப்பவும் ஈரம். அப்புறம் ஒரு நாள் கொழுந்து வாட்டுற தொட்டிக்குப் பக்கத்துல நிக்கும்போதுதான் யோசனை ஓடியிருக்கு. கொழுந்தை யாரும் நெருப்புல காட்டி வாட்டுறதில்ல, கம்பி வலைக்கு மேல பரப்பி, கீழேருந்து ஃபேன் காத்தை விட்டு 12லருந்து 18 மணித்தியாலம் வைப்பாங்க, மழை நாள்ல மட்டும் காத்துல லேசாச் சூடு கலப்பாங்க. ஈரத்தை வெளியேத்துறது ஓடுற காத்துதான். பழைய பலகை, கம்பி வலை, கழிச்சுப் போட்ட ஒரு ஃபேன் எல்லாம் சேத்து நாய் நிக்கிற அளவுக்கு ஒரு பெட்டி அடிச்சான், கீழேருந்து வயித்துக்குக் காத்து வரும், மேலேருந்து ஒரு ஆள் முடிய வரிவரியா அகட்டிச் சீப்புப் போடணும். மொத நாள் பஞ்சு உள்ள போகமாட்டேன்னு நின்னுச்சு, இப்ப மழையில நனைஞ்சு வந்தா அதுவா போய் ஏறி நிக்குது. ஒன்றரை மணித்தியாலம் ஆகும். அந்த வருஷத்துக்கப்புறம் பெருசா புண் வரல, கரண்ட் பில்தான் கூடிப்போச்சு.

சீப்புப் போடுற வேலை அத்தைக்கு. முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்த கை, வேகமா ஓடும். "நாங்க நனைஞ்சு வந்தப்ப எந்தத் தொரை எங்களுக்குப் பொட்டி அடிச்சான்"னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. சொல்லிக்கிட்டே வயித்து முடிக்குள்ள கையை விட்டுப் பாப்பாங்க, இன்னும் ஈரம்னா ஃபேனைத் திரும்பப் போடச் சொல்லுவாங்க.